பதினேழு

பெருகவாழ்ந்தான் கொள்முதல் நிலையம்.
தகரக் கொட்டகை. புரட்டாசி. பகல் ஒன்றரை.
ஒயர் செருகித்தான் இருக்கிறது.
மின்சாரமும் இருக்கிறது, அதிசயமாய்.
மடிக்கணினி மட்டும் வாங்க மாட்டேன் என்கிறது.
மூலையில் ஒற்றை வரி:
சூடு அதிகம், சார்ஜ் நிறுத்தப்பட்டது.
பக்கத்தில் எண், பதினேழு.

வெளியே களத்தில் அருள்சாமி
நெல்லைக் காலால் துழாவித் துழாவி நடக்கிறார்.
போன தடத்தை அழித்துக்கொண்டே
வருகிறது வந்த தடம்.
நேற்று அவர் நெல்லுக்கு ஈரப்பதம்
பத்தொன்பது என்றது கருவி.
பதினேழுக்கு இறங்கினால்தான் சாக்கு.

அவருக்கு இறங்க வேண்டும்.
எனக்கு ஏற வேண்டும்.
வெயில் என்னவோ ஒன்றுதான்.

மன்னார்குடியில் பழுது பார்க்கும் நாகூர்மீரான் சொல்வார்:
'உச்சி வெயில்ல நமக்கே சோறு இறங்குதா மேடம்?
அதுக்கும் அப்படித்தான்.
முட்ட முட்ட நிரப்பிச் சூட்டுல போட்டுடாதீங்க.
பாதி வயிறா வைங்க, நாள்பட வரும்.'
கேட்டுக்கொண்டேன். செய்யவில்லை.
கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில்
யார் பாதியில் பிடுங்குவார்கள்?
பங்குனியில் பழைய பேட்டரி
பூரியாய் உப்பி டச்பேடைத் தூக்கி நிறுத்தியது.
அதை அவர் மணல் வாளிக்குள் புதைத்துவிட்டுக்
கைகழுவிக்கொண்டு வந்து
ரூபாய் சொன்னார்.

கையேட்டில் இன்னொன்றும் உண்டு,
உறைபனிக் குளிரில் சார்ஜ் போடாதீர்கள் என்று.
எங்கள் மார்கழி அதைப் படித்தால்
போர்வைக்குள்ளிருந்தே சிரிக்கும்.

திருவாரூரிலிருந்து போன்:
'ஏம்மா இன்னும் பில் ஏத்தலை?'
அந்த அறை இருபத்திநாலு டிகிரி
என்பது குரலிலேயே தெரிகிறது.

லோடுமேன் குணசீலன் ஈரத்துணியோடு வந்தான்.
ஐயோ வேண்டாம் என்றேன்.
டீ வரும் அலுமினியத் தட்டைத் துடைத்துக் கவிழ்த்து,
கணினியை அணைத்து அதன்மேல் வைத்து,
ஒயரோடு மேசைக்கடியில் நகர்த்திவிட்டு
பேப்பரில் டோக்கன் எழுதினேன்.
அருள்சாமி, நாற்பத்திரண்டு மூட்டை.
ராஜமாணிக்கத்தம்மாள், பதினெட்டு.
வியர்வை விழுந்து பதினெட்டு கரைந்தது.
திரும்ப எழுதினேன்.

பொன் உருகக் காயும், மண் உருகப் பெய்யும்
என்பார்களே இந்த மாதத்தை.
இரண்டுக்கும் நடுவில் ஒரு நிமிடம் உண்டு.
அது மூன்று மணிக்கு வந்தது,
முத்துப்பேட்டைப் பக்கமிருந்து.
என் கழுத்துக்குத்தான் முதலில் தெரிந்தது.
தகரம் டக் டக்கென்று சுருங்கியது.
களத்தின் மேல் நிழல் நடந்து வந்தது.

சற்றைக்கெல்லாம் மேசைக்கடியில்
ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

சந்தோஷப்பட்டேன். ஆமாம்.
ஒரு மூச்சு நேரம்.
அதற்குள் அருள்சாமி
'படுதா! படுதா!' என்று கத்தினார்.

செருப்பை விட்டுவிட்டு ஓடினேன்.
ஒரு முனை குணசீலன், ஒரு முனை நான்,
காற்று மூன்றாவது முனையைப் பிடித்துக்கொண்டு தரவில்லை.
காலுக்கடியில் நெல் கொதித்தது.
வாய்க்கால் கரைப் புங்கை மரம்
தலைகீழாய்ச் சாய்ந்து எழுந்தது.
நாலு தூறல். அவ்வளவுதான்.
மேகம் கோட்டூர்ப் பக்கம் போய்விட்டது போலவும் இருந்தது,
போகாதது போலவும்.

திரும்பி வந்து கணினியைத் திறந்தேன்.
முப்பத்தொன்று.
தொட்டால் வெதுவெதுப்பு, பிள்ளையின் நெற்றி மாதிரி.

அருள்சாமி குவியலின் நடுவில் கைவிட்டு
ஒரு பிடி அள்ளி வந்தார்.
மேலே எடுத்தால் காய்ந்தது கிடைத்திருக்கும்,
அவருக்கும் தெரியும்.
கருவியில் கொட்டி மூடினேன்.
அது யோசித்தது.
அவர் கருவியைப் பார்க்கவில்லை,
எரிகிற ஆரஞ்சு விளக்கைப் பார்த்தார்.

'ஒங்களுக்கு ஏறுதாம்மா?' என்றார்.

நான் அவர் பெயரைத் தட்டத் தொடங்கினேன்,
எண்ணுக்கான கட்டத்தை
வெறுமையாய் விட்டு.